கோமதி வாசிக்காமல் விட்ட வரி

நோய் எனக்கு அழகாகத்தான் ஆரம்பித்தது. இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஆனாலும் அதுதான் உண்மை. ஆடி முடிந்த ஒரு சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு ஜமுனாமரத்தூர் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். சாமைக் காட்டுக்கு மேலே நிலா தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சரிந்து, இன்னொரு நிலா. புளியமரங்களும் இரண்டிரண்டாக நின்றன. வாசலில் என் வீட்டுக்காரர் இரண்டு பேராக உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தரையே சமாளிக்க முடியாத எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் மறுபடி ஒன்றாகியிருந்தது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. காலையில் உலகம் ஒன்று. பிற்பகல் ஆக ஆக அது மெதுவாக இரண்டாகப் பிரியும். வலது இமை தானாகக் கீழே இறங்கும். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் பாயை விரித்துவிடும். வலி என்று ஒன்றும் கிடையாது. வலி இல்லாத நோயை யார் மதிக்கிறார்கள்? ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடியது. கடைசியில் திருப்பத்தூரில் கண் பரிசோதித்தவர், கண்ணில் குறை ஒன்றும் இல்லை, இது நரம்பு டாக்டர் பார்க்க வேண்டியது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி மாறிப் போகும் தூரத்தில் இருந்தது அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் நூறு பேராவது இருப்பார்கள். எனக்கு இருநூறு பேராகத் தெரிந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் எந்தக் கதவுக்குள் போவது என்று தெரியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உண்மையான கதவுக்குள் தள்ளினார்.

ஒரு இளம் டாக்டரம்மா ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சுப் போட்டார். கண்ணை மூடச் சொல்லி, தொங்கிய இமைமேல் அதை வைத்தார். இரண்டு நிமிடம் இருக்கும். மூடிய கண்ணுக்குள் எங்கள் ஊர் மார்கழிப் பனி வந்து இறங்கியது போலிருந்தது. எடுத்துவிட்டுத் திறக்கச் சொன்னார். இமை முழுசாக மேலே போனது. எதிரே ஒரே ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்ச்சியில் இமை இப்படி நிமிர்ந்தால் இன்ன நோயாக இருக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அது போதாதென்று கைநரம்பில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதல் அதிர்ச்சிக்குத் தசை துள்ளியது. இரண்டாவதுக்குக் கொஞ்சம், மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். உடம்புக்குள் கிருமி வந்தால் விரட்டுவதற்கென்று ஒரு காவல் உண்டாம். அந்தக் காவலே சொந்த உடம்பை அந்நியன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினால் அதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறார்கள். அதில் பல வகை. என் வகையில், நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் போய் அந்தக் காவல் அடைத்துக்கொள்கிறது. எங்கள் ஊர் செல்போன் டவர் கதைதான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கிருந்து கூப்பிடுகிறார்கள், இங்கே மணி அடிப்பதில்லை. காலையில் ஓய்வெடுத்த தசைக்குக் கொஞ்சம் கேட்கும். பொழுது சாயச் சாயக் கேட்காது.

மாத்திரைகள் கொடுத்தார்கள். எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு என்று டாக்டரம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்லியிருப்பார். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள் மஞ்சள் பையில் மடித்தபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் முளைத்தன. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. பஸ் திரும்பும் வளைவில், பாறை ஓரமாக நின்றால் கிடைக்கும். நோயின் பெயரை அங்கே நின்று போனிடம் கேட்டேன். முதலில் வந்தது, ஆங்கிலத்திலிருந்து போனே தமிழாக்கிக் கொடுத்த பக்கம். 'சந்திப்பின் வாங்கிகள் உடலெதிரிகளால் இலக்காக்கப்படுகின்றன' என்றது. எழுதிய இயந்திரத்துக்கே விளங்கியிருக்காது. நான்கு வரி தாண்டியதும் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டாகி ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டது. அடுத்து வந்தது வீடியோ. அதை வாசிக்க வேண்டாம், பார்த்தால் போதும். மாலை போட்ட ஒரு பெண்ணின் படம், அழுகிற வயலின், இந்த நோய் வந்தால் மூன்றே மாதம் என்று சொல்லும் ஒரு கனத்த குரல். முடிவில் அந்தக் குரலே ஒரு பொடியை விற்றது. பொடியை நான் நம்பவில்லை. மூன்று மாதத்தை நம்பிவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் படித்தவரில்லை, அதிகம் பேசுகிறவரும் இல்லை. அவர் வளைவுக்குப் போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டார். கோமதி வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் தைக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தே பெயர் வாங்கியவள். நல்ல பக்கமாகத் தேடிப் பிடித்து அண்ணிக்கு வாசித்து அனுப்பு என்று அவளிடம் சொன்னாராம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோமதி தேடிப் பிடித்தது உண்மையிலேயே நல்ல பக்கம். ஒரு மருத்துவமனையின் நரம்புப் பிரிவு தமிழில் எழுதியது. எழுதிய டாக்டர் யார், கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்று மேலேயே போட்டிருக்கிறது, எதையும் விற்கவில்லை, அதனால்தான் எடுத்தேன் என்றாள். ஷூ தைக்கிற பெண்ணுக்கு இருந்த விவரம் டீச்சர் எனக்கு இல்லை. ஏழு துண்டாக வாசித்து அனுப்பினாள். கடினமான வரி வந்தால் நிறுத்தி, அதையே எங்கள் பேச்சில் சொல்வாள். வளைவில் நின்று அந்தத் துண்டுகளை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சின் மேல் போனை வைத்துக் கேட்பேன். ஓட்டின் மேல் தூறல் விழுந்துகொண்டிருக்கும். அவள் குரலும் தூறலும் ஒன்றாகி, நான் கேட்பது என் உடம்பைப் பற்றித்தான் என்பதே மறந்துபோகும். யாரோ ஒரு ராணியின் வீட்டுக் காவல்காரர்கள் புத்தி மாறிப்போன கதை போல இருக்கும். ஒவ்வொரு துண்டும் நன்றாகவே முடியும். ஓய்வெடுங்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், பெரும்பாலோர் நல்லபடியாக வாழ்கிறார்கள். எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஏழு துண்டும் எனக்கு மனப்பாடம்.

பதிலுக்கு நானும் குரலில்தான் அனுப்பினேன். எப்போதும் காலையில், அங்கன்வாடிக்குப் போகிற வழியில், வளைவில் நின்று. சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா கீறேன். காலையில் என் குரல் கணீரென்று இருக்கும். சாயங்காலக் குரலை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அது மூக்கால் வந்தது. பிள்ளைகள் அதைப் போலவே பேசிச் சிரித்தன, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் அசதி விடவில்லை. குடித்த தண்ணீர் ஒரு நாள் மூக்கு வழியாக வந்தது. கஞ்சி தொண்டையில் நின்று யோசித்துப் பிறகு இறங்கியது. மல்லாந்து படுத்தால் யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி இருந்தது, அதனால் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஏழு துண்டையும் மறுபடி போட்டுக் கேட்டேன். இதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன். ஓய்வெடுத்தால் போதும். ஓய்வெடுத்தேன்.

நான்காம் நாள் அங்கன்வாடிக்குப் போய்விட்டேன். பகலில் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்கள் கத்திக்கொண்டே போனார்கள். நான் ஐந்தில் நின்றுவிட்டேன். ஆறு தெரியும், வாய் வரைக்கும் வந்தது, அதைத் தள்ளிவிட மூச்சு இல்லை. தலை தானாக முன்னால் சாய்ந்தது. பிள்ளைகள் ஆறு, ஏழு என்று என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆயாம்மா ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார். ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலில் இரண்டிரண்டு மலைகள் திரும்பின. எனக்குப் பயமே இல்லை. அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடியுமோ எண்ணுங்கள் என்றார். தினமும் எண் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான்கோடு நின்றேன். மூச்சை இழுக்கும் தசைகளும் கேட்காமல் போய்விட்டன, இது இந்த நோயின் ஆபத்தான கட்டம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். தொண்டையில் குழாய் வைத்து மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள்.

அந்த நாட்களை நாட்கள் என்று சொல்ல முடியாது. ஒரே வெளிச்சம், ஒரே குளிர். இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது, நான் அதன் தாளத்துக்குப் படுத்திருந்தேன். இன்னொரு இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள திரவத்தைப் பிரித்து, என்னை அடிக்கும் காவல்காரர்களை அதோடு வெளியேற்றிவிட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்துப் பையில் அந்தத் திரவம் சேர்ந்தது. தேன் நிறம். எங்கள் மலையில் இதைப் பார்த்தால் தேனடை பிழிந்ததா என்று கேட்பார்கள் என நினைத்துக்கொண்டேன். சிரிக்க முடியவில்லை. பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்து, என் கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுப் போவார். அவர் தொட்டபோதுதான் நான் இன்னும் இருக்கிறேன் என்று தெரிந்தது.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் வாணியம்பாடி ஷமீம் அம்மா. அவருக்கும் என் நோய்தான், புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் தோல் மண்டியில் ஆயுசைக் கழித்தவர், காது கொஞ்சம் மந்தம். வீட்டில் உருது பேசுகிற அந்த பாய், ஒரு பிற்பகல், போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரல் வைத்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரித் தமிழ் வாசித்தார். இரண்டு வரி கேட்டதும் தெரிந்துவிட்டது. என் பக்கம். கோமதியின் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு நானும் மனசுக்குள் கூடவே சொன்னேன். அவர் திக்கிய இடங்களில் நான் முந்திக்கொண்டேன். ஐந்தாம் துண்டு. ஓய்வு, உணவு, மாத்திரை நேரம். அடுத்து ஆறாம் துண்டு வர வேண்டும். பாய் வேறு எதையோ வாசித்தார்.

"விழுங்குவது கடினமானால், குரல் மூக்கால் வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், காத்திருக்க வேண்டாம். இது உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பாய், அந்த எடத்த இன்னொரு தபா படிங்க."

அவர் படித்தார். நிமிர்ந்து பார்த்து, "இன்னாமா, புரியலையா?" என்றார்.

புரிந்துவிட்டது என்றேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டார். பிளாஸ்க் நிறைய டீ இருந்தது.

கோமதி ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தாள். சாத்துக்குடி உரித்தாள், என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னினாள். அவள் கை தலையில் இருக்கும்போதே கேட்டேன்.

"மூச்சு முட்டுனா அன்னிக்கே போவணும்னு அந்தப் பக்கத்துல ஒரு எடம் கீதாமே கோமதி."

கை நின்றது. "கீது அண்ணி. நான்தான் வுட்டுட்டேன்."

"ஏன்?"

"நீங்க சோறு துன்னாம கெடக்குறீங்க, பயப்படுற மாதிரி எதுவும் படிக்காதன்னு அண்ணன் சொல்லுச்சி. எனக்கும் அத வாய்விட்டுப் படிக்க மனசு வரல."

கோபம் வந்தது. எவ்வளவு கோபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொடி விற்றவன் பொய் சொன்னான், அவனை எனக்குத் தெரியாது. இவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவள் வாசித்த ஒவ்வொரு வரியும் உண்மை. அந்த உண்மைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டுதான் நான் மூச்சு முட்டிக் கிடந்தேன்.

"செத்திருப்பேன் கோமதி."

அவள் முன்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க மட்டும் இன்னா பண்ணீங்க அண்ணி? எப்பவும் காத்தாலதான பேசி அனுப்புனீங்க? சாயங்காலம் கொரல் இப்டி ஆவுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கால்ல வுழுந்தாவது இட்னு வந்திருப்பேன். ஒங்க கொரல கேட்டுட்டு நல்லா கீறாங்கன்னு விடுதில எல்லார்கிட்டயும் சொல்லினு கெடந்தேன்."

நான் அவளுக்கு அனுப்பியதிலும் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மையான காலைகள். பின்னாத பாதித் தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் போய் மிச்சத்தையும் பின்னி முடித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இந்தத் தடவை கூட்டத்தை நிறுத்திவைத்து, என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார். தினமும் சாயங்காலம் ஒரே மூச்சில் எண்ணிப் பாருங்கள், இருபதுக்குக் கீழே போனால் கிளம்பி வாருங்கள் என்றார். சொன்னதைத் திருப்பிச் சொல்லவைத்தார். என் வீட்டுக்காரர் தப்பில்லாமல் சொன்னார்.

கோமதி பக்கத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்து அனுப்பினாள். இப்போது எட்டுத் துண்டு. ஆறாவதில் அந்த இடம் வருவதற்கு முன்னால் அவள் குரல் நின்றுவிடுகிறது. பின்னால் விடுதிப் பெண்கள் பேசுவது கேட்கிறது, யாரோ வாளி வைக்கிற சத்தம் கேட்கிறது. பிறகு வாசிக்கிறாள். அந்த நிறுத்தத்தையும் சேர்த்து எனக்கு இப்போது மனப்பாடம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தினமும் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வளைவுக்குப் போய் நின்று ஒரே மூச்சில் எண்ணி அனுப்புவேன். மூக்கால் வந்தாலும் அப்படியே. கண் முன்னால் மலைகள் இரண்டிரண்டாக மிதந்துகொண்டிருக்கும், நான் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று போய்க்கொண்டிருப்பேன். போகிற வருகிற பஸ் டிரைவர்களுக்கு நான் யாருக்கோ கடன் கணக்குச் சொல்கிறேன் என்ற எண்ணம். கோமதி ஒரு வார்த்தையில் பதில் போடுவாள். சரி அண்ணி. அவ்வளவுதான்.

தை மாதம் சளி பிடித்தது. ஒரு சாயங்காலம் எண்ணினேன், பதினெட்டில் நின்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கி மறுபடி எண்ணினேன், பதினேழு. பனி இறங்க ஆரம்பித்திருந்தது, கடைசி பஸ் இன்னும் வரவில்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் காலையில் முப்பது வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முப்பதை அனுப்பினால் எல்லாருக்கும் நிம்மதி. விரல் அழிக்கும் இடத்தின் மேலேயே இருந்தது. பதினேழை அனுப்பினேன்.

போனைப் பைக்குள் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே கோமதியின் குரல். பள்ளிக்கூடத்தில் செய்தி வாசித்த அதே குரலில், எங்கேயும் நிற்காமல், வாசித்தாள்.

"காத்திருக்க வேண்டாம். இது உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கெளம்புங்க அண்ணி, நான் நேரா அங்க வந்துட்றேன்."

திரும்பிப் பார்த்தேன். சாலையில் என் வீட்டுக்காரர் மஞ்சள் பையோடு இரண்டு பேராக வந்துகொண்டிருந்தார். நான் எண்ணியதைப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். வளைவில் திரும்பிய கடைசி பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டினார். இந்தத் தடவை குழாய் வைக்கவில்லை. ஆறே நாளில் வீடு திரும்பிவிட்டேன். அந்தப் பதினேழை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.